முனியப்பன் ஒருதரம் வெல்ல வேண்டும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் மூன்று தரம் செத்தேன்.

பதறாதேங்கோ. பதறுகிறது என்னுடைய வேலை. குளத்துக் கட்டு உடையுமோ, பஸ் வருமோ, வந்தால் போய்ச் சேருமோ என்று கிழமைக்குக் கிழமை நான் இந்தப் பக்கத்தில் புலம்ப, நீங்கள் வாசித்துவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ளுகிறீர்கள். அந்த ஒழுங்கு மாறக்கூடாது.

செத்தது ஒரு கேமுக்குள்ளே.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எனக்கே இன்னும் விளங்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். படித்தவர்கள் யாராவது வாசித்து முடித்ததும் எனக்கு இதை விளங்கப்படுத்தினால் பெரிய புண்ணியம்.

என் மனைவி பரமேஸ்வரியின் தம்பி குலம், சவூதியிலிருந்து லீவில் வந்து நின்றான். அவன் கொண்டு வந்த சாமான்களுக்குள்ளே ஒரு பெட்டி. சவர்க்காரக் கட்டி அளவுதான். நடுவிலே சாம்பல் நிறக் கண்ணாடி, இரண்டு பக்கமும் அமத்துகிற பொத்தான்கள். உள்ளே மணிக்கூட்டுக்குப் போடுகிற மாதிரிக் குட்டிப் பற்றறி. வீடியோ கேமாம்.

கண்ணாடிக்குள்ளே, கீழே, ஒரு சின்ன மனிசன் நிற்பான். எறும்பளவு. மேலே, ஏணிகளுக்கு அப்பால், ஒரு நெட்டை உருவம். கறுப்பு. காலை அகட்டி வைத்துக்கொண்டு, தலையிலே குடுமி மாதிரி ஏதோ, கையிலே தடி மாதிரி ஏதோ. அது நெருப்பு உருண்டைகளைக் கீழே தள்ளும். சின்ன மனிசன் அதுகளைப் பாய்ந்து கடந்து, ஏணி ஏணியாக ஏறிப்போய், அதன் காலிலே ஒரு தட்டுத் தட்டினால் நெட்டையன் தலைகீழாக விழுவான். டிங்... டிங்... டிங்... என்று ஒரு பாட்டு. பிறகு பழையபடி எழும்பி நிற்பான்.

சின்ன மனிசன் நெருப்புப் பட்டுச் செத்தாலும் கவலை இல்லை. மூலையிலே இன்னும் இரண்டு பேர் முறை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆளுக்கு மூன்று உயிர்!

இருக்கிற ஒன்றையே எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பதென்று தெரியாமல் முழிக்கிற இந்த நாளிலே... மூன்று!

"உது ஆரடா?" என்று நெட்டையனைக் காட்டிக் கேட்டேன்.

"பேய் அத்தான்."

"என்ன பேய்?"

"ஜப்பான் பேய். அங்கைதான் உதைச் செய்யிறாங்கள்."

பெட்டியோடு வந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஜப்பான் எழுத்து, மற்றப் பக்கம் அரபு எழுத்து. குலத்துக்குத் தெரிந்த அரபு, சாப்பாடு கேட்கிறதோடு சரி. இங்கிலீஷில் இருந்திருந்தாலும் எனக்கு என்ன கிழிந்திருக்கும்? அது வேறு கதை.

பரமு எட்டிப் பார்த்தாள். பார்த்த வேகத்திலேயே பின்னுக்குப் போனாள்.

"இஞ்சேருங்கோ... உது முனியெல்லே?"

சொன்ன கையோடு கிணற்றடிக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். எங்களைப்போல யாழ்ப்பாணப் பக்கமிருந்து இந்த வன்னிக் குளத்துக்குக் கீழே குடியேறிய சனத்துக்கு அதன் காரணம் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: முனி உச்சி வெய்யிலிலே இரண்டு மரத்துக்கு இரண்டு கால் வைத்து நிற்கும். தெரியாத்தனமாகக் காலுக்கு நடுவால் போனவன் வீடு வந்து சேரமாட்டான். அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லுகிறதும் கூடாது. சொன்னால், கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டு வந்துவிடுமாம்.

இது ஒரு வீட்டுக் கதை. வேலிக்கு அந்தப் பக்கம் வேறு கதை.

பக்கத்துக் காணி மாரிமுத்துவும் ராமாயியும் மலையகத்து ஆட்கள். இனக் கலவரத்திலே, தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் இருந்த லயம் எரிய, உடுத்த உடுப்போடு ஓடி வந்து, இங்கே பற்றைக் காட்டை வெட்டி வயலாக்கியவர்கள். எங்கள் நெல் அரிவு வெட்டுக்கு அவர்கள் வருவார்கள், அவர்களுடையதுக்கு நாங்கள் போவோம். ஓடி வந்த அன்றைக்கு மாரிமுத்துவின் ஒரு கையிலே குழந்தைப் பிள்ளை, மற்றக் கையிலே ஒரு சூலம். அந்தச் சூலம் இப்போது அவர்களுடைய வளவு மூலையிலே, வீரை மரத்துக்குக் கீழே, ஒரு கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது. முனியப்பன். அங்கே தேயிலைக்குக் காவல், இங்கே நெல்லுக்குக் காவல். வெள்ளிக்கிழமைகளில் சுருட்டும் கற்பூரமும்.

இப்ப நீங்களே சொல்லுங்கோ. அதே உயரம். அதே தடி. அதே நெருப்பு. வேலிக்கு இந்தப் பக்கம் பேய், அந்தப் பக்கம் சாமி. நான் எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுகிறது, எந்தப் பக்கம் பார்த்து ஓடுகிறது?

மத்தியான நேரங்களில் அந்த வீரை மரத்தை விலத்தி, வாய்க்கால் கரையால் சுற்றிப் போகிறவன் நான். சிலநேரம் ராமாயி கண்டுவிடுவாள். "அண்ணே, கற்பூரம் பத்த வைக்கணும், நெருப்புப் பெட்டி இருக்குங்களா?" கொடுத்துவிட்டு, அரைக் கும்பிடு போட்டுக்கொண்டே அரை ஓட்டம் ஓடுவேன்.

கையிலே வந்த குழந்தைப் பிள்ளைதான் செல்வி. இப்போது பத்து வயது. பிறந்தது அங்கே, வளர்ந்தது இங்கே. தாயோடு கதைக்கும்போது 'ஆமா', எங்களோடு கதைக்கும்போது 'ஓம்'. அவளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டால் நேரே எங்கள் வீடு, நேரே கேம். குலம் அதிலே கெட்டிக்காரன். செல்வி அவனையும் மிஞ்சுகிற கெட்டிக்காரி.

நான் விளையாடினால் முதல் உருண்டையிலேயே சாம்பல்.

"மாமா, நீங்கள் ஏன் கண்ணை மூடுறியள்?"

"திறந்தால் அது என்னைப் பார்க்குது பிள்ளை."

"அது உங்களை ஏன் பார்க்குது? அது தன்ரை வேலையைப் பார்க்குது."

ஒரு பின்னேரம் மகளைக் கூப்பிட ராமாயி வந்தாள். இவ்வளவு நாளும் அதை ஒரு சின்ன ரேடியோ என்று நினைத்திருந்தாளாம். பிள்ளையின் தோளுக்கு மேலாலே குனிந்து பார்த்தாள். அந்த நேரம் பார்த்து நெட்டையன் தலைகீழாக விழுகிறான். டிங், டிங், டிங்! செல்வி கை தட்டுகிறாள்.

ராமாயியின் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"முனியப்பா..."

 மகளைக் கையிலே பிடித்தாள், போனாள்.

அடுத்த கிழமை செல்விக்குக் காய்ச்சல்.

மழை விட்ட கையோடு வன்னியிலே காய்ச்சல் வருகிறது புதினமில்லை. ஒருநாள் குலைப்பன் அடித்து உடம்பெல்லாம் நடுங்கும், அடுத்த நாள் பிள்ளை எழும்பி ஓடித் திரியும், அதற்கடுத்த நாள் பழையபடி குலைப்பன். தகப்பன் மாரிமுத்து பூநகரிப் பக்கம் அரிவு வெட்டுக்குப் போயிருந்தான். அறிவிக்கவும் வழியில்லை. செவ்வாய்க்கிழமை விடியப் பிள்ளை நினைவு தப்பி அலட்டத் தொடங்கினாள். கண் மஞ்சள். குலம் போய் டிஸ்பென்சரியிலே மருந்து கொடுக்கிற அப்போதிக்கரியைச் சைக்கிளிலே ஏற்றிக்கொண்டு வந்தான்.

அவர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு எழும்பினார்.

"இது என்ரை குளிசைக்கு அடங்காது. இண்டைக்கே வவுனியாவுக்குக் கொண்டு போங்கோ. நாளைக்கெண்டு வைச்சிருந்தால் நான் பொறுப்பில்லை."

வவுனியாவுக்கு மத்தியானம் ஒரேயொரு பஸ். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று றைவருக்கே தெரியாது. குலம் உழவு மிசினுக்குப் பின்னாலே இழுவைப் பெட்டியைக் கொழுவி, வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரித்துவிட்டான், சந்தி வரைக்கும் கொண்டு போக. நான் என் பங்குக்குத் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தேன், பெட்சீற்றைப் பார்த்தேன், அடையாள அட்டையைச் சட்டைப் பையில் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன். எல்லாம் சரி.

ராமாயி மட்டும் வாசல் படியை விட்டு அசையவில்லை.

"புள்ள அவர கீழ தள்ளி வுட்டிருச்சுண்ணே. ஒரு தடவையா, ரெண்டு தடவையா? எத்தன நாளு!"

"அது விளையாட்டு ராமாயி."

"ஒங்களுக்கு வெளையாட்டு. வுழுந்தது அவருல்ல?"

குலத்துக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, அந்தச் சனியனைக் கல்லிலை அடிச்சு உடைச்சுப்போட்டு வாறன். நீங்கள் வெளிக்கிடுங்கோ."

ராமாயி நெஞ்சிலே கை வைத்தாள்.

"அவரு உள்ள இருக்கையிலயா?"

"சரி, உடைக்கேல்லை. பற்றறியைக் கழட்டிவிடுறன்."

"வுழுந்து கெடக்குறவரு மூச்சையும் நிறுத்தப் போறியா தம்பி?"

குலம் என்னைப் பார்த்தான். நான் வெய்யிலைப் பார்த்தேன். முற்றத்து நிழல் சுருங்கிக்கொண்டு போனது. உள்ளே பாயிலே செல்வி, "உருண்டை வருது... தள்ளி நில்லுங்கோ... உருண்டை வருது..." என்று சொல்லிக்கொண்டு கிடந்தாள்.

பரமு கத்தத் தொடங்கினாள். "என்னடி ராமாயி, பிள்ளை அலட்டுது, நீ சாமியாடிக்கொண்டு நிக்கிறாய்! பெத்தவள் தானேயடி நீ?"

"பெத்ததுனாலதான்க்கா பயப்புடுறேன்" என்றாள் ராமாயி. "ஆஸ்பத்திரி வேணாம்னா சொல்றேன்? அவரு கோவத்தோட கெடக்கையில ரோட்டுல கால வச்சா பஸ்ஸு போய்ச் சேருமா? அத சொல்லுங்க. லயம் எரிஞ்சன்னிக்கு எங்கள ரோட்டுல கூட்டியாந்தது அவருதான். அவர வுழ வுட்டுட்டு நான் எப்புடிப் போறது?"

பஸ் போய்ச் சேருமா? வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். நான் சிரிக்கவில்லை. நித்தமும் நான் கேட்கிற கேள்வி அது. நான் கேட்கிற காரணங்கள் வேறு, அவ்வளவுதான். பயம் பிடித்தவளிடம் பயப்படாதே என்று சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. என்னிடம் எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். அந்தப் பயத்துக்குள்ளே போய் அங்கே ஒரு கதவு இருக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும்.

"ராமாயி," என்றேன். "இந்தமுறை அவர் வெண்டால் சரியோ?"

அவள் நிமிர்ந்தாள்.

"அவரு செயிப்பாரா?"

"செயிக்க விடுவம். கீழை நிக்கிற மூண்டு பேரும் விழட்டும். அவர் நிக்கட்டும். பிறகு வெளிக்கிடுவியோ?"

 "அவருக்கு முன்னால வச்சு வெளையாடணும்" என்றாள். "தம்பி தொடக்கூடாது. தம்பி கையும் தள்ளி வுட்ட கை."

பரமு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னாலே கொண்டு போனாள். "ஐயோ, நான் உதைத் தொடமாட்டன்."

"அண்ணன் ஒரு நாளாவது அவர தள்ளி வுட்டிருக்காரா?"

அந்த நிலையிலும் குலத்துக்குச் சிரிப்பு. "அத்தானோ? அத்தான் முதல் ஏணியையே மிதிச்சதில்லை அக்கா."

"அப்ப அண்ணன் கையிதான் சுத்தம்."

ஒன்றுக்கும் உதவாத கை என்று பள்ளிக்கூடத்திலே வாங்காத பேச்சில்லை. சுத்தமான கை என்று யாரும் சொன்னது அதுதான் முதல்.

ஆக, நான் வருசக்கணக்காகச் சுற்றிப் போகிற அந்த வீரை மரத்துக்குக் கீழே, உச்சி வெய்யில் கிட்டுகிற நேரம், கல்லுக்கும் சூலத்துக்கும் முன்னாலே சப்பாணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ராமாயி கற்பூரத்தைக் கையிலே வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பரமு பத்தடி தள்ளி நின்றாள். ஒற்றையடிப் பாதையிலே உழவு மிசின் இரைந்துகொண்டு நின்றது. பாயோடு தூக்கி ஏற்றிய செல்வி வைக்கோலுக்கு மேலே.

தோற்கவேண்டும். அவ்வளவுதான். என் வாழ்க்கையிலே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வேலை.

பொத்தானை அமத்தினேன். பீப்.

முதல் உருண்டை வந்தது. எனக்குக் கை நடுங்கியது. நடுங்கிய கைக்குக் கீழே பொத்தானும் நடுங்க, சின்ன மனிசன் துள்ளினான். உருண்டை அவனுக்குக் கீழாலே போய்விட்டது.

இரண்டாவது வந்தது. இந்தமுறை அசையக்கூடாது என்று இறுக்கிப் பிடித்தேன். இறுக்கியது மற்றப் பொத்தானை. அவன் ஏணியிலே ஏறினான்.

"அத்தான், என்ன செய்யிறியள்?"

"நான் ஒண்டும் செய்யேல்லையடா!"

"ஏறுறியள் அத்தான்!"

ஏறினேன்தான். வேர்வையிலே விரல் வழுக்க வழுக்க, அந்த எறும்பு மனிசன் பாய்கிறான், குனிகிறான், ஏறுகிறான். செல்விகூட அப்படி ஏறியதில்லை. சாகவேண்டும், சாகவேண்டும் என்று நான் தவிக்கத் தவிக்க அவன் பிழைத்துக்கொண்டே போனான். இது என்ன கூத்து? உயிரோடு இருக்கவேண்டும் என்று பாடுபட்ட நாளெல்லாம் முதல் அடியிலே செத்தவன்!

பஸ் வருகிற நேரம். குலம் பாதைக்கும் எனக்குமாக ஓடித் திரிந்தான். கடைசி ஏணி. சின்ன மனிசன் நெட்டையனுக்குக் காலடியில் போய் நின்றான். இன்னும் ஒரு நடுக்கம் நடுங்கினால் தட்டு விழும். தட்டு விழுந்தால் முனியப்பன் தன்னுடைய கல்லுக்கு முன்னாலேயே தலைகீழாக... அதற்குப் பிறகு ராமாயி எந்தப் பஸ்ஸிலே ஏறுவாள்?

"அண்ணே!" ராமாயியின் குரல். "கைய எடுங்கண்ணே!"

"எடுத்தால் பெட்டி விழுந்திடும் ராமாயி!"

"கீழ வச்சிட்டுக் கைய எடுங்க. ஒண்ணும் செய்யாதீங்க. அவரு பாத்துக்குவாரு."

ஒன்றும் செய்யாதே. கவலைப்படுகிறவனிடம் கேட்கக்கூடாத வேலை அது. மலையைத் தூக்கென்று சொல்லியிருந்தால் ஒருவேளை முயன்று பார்த்திருப்பேன். பெட்டியைக் கல்லுக்கு முன்னாலே மெல்ல வைத்தேன். விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கையை என்ன செய்கிறதென்று தெரியாமல் கும்பிட்டேன்.

சின்ன மனிசன் சும்மா நின்றான். உருண்டை வந்தது. ஒருவன் போனான். மூலையிலிருந்து அடுத்தவன் வந்து சும்மா நின்றான். உருண்டை வந்தது. மூன்றாவது ஆளும் வந்து நின்றான்...

இழுத்த மாதிரி ஒரு பாட்டு. பிறகு சத்தமில்லை. கண்ணாடிக்குள்ளே கீழே ஒருவருமில்லை. மேலே அவர் மட்டும், காலை அகட்டிக்கொண்டு, நேராக நின்றார்.

ராமாயி கற்பூரத்தைக் கொளுத்தினாள். திருநீற்றை எடுத்துக்கொண்டு உழவு மிசினுக்கு ஓடினாள். அவளுக்கு முன்னாலே வேறொரு கை செல்வியின் நெற்றியிலே நீற்றைப் பூசிக்கொண்டிருந்தது. பெயர் சொன்னதற்கே வாய் கொப்பளித்த என் பரமுவின் கை! எப்போது கல்லடிக்கு வந்தாள், எப்போது அள்ளினாள், எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

பஸ்ஸை மட்டுமட்டாகப் பிடித்தோம். அது போயும் சேர்ந்தது.

வவுனியா ஆஸ்பத்திரியிலே விரலிலே குத்தி, ரத்தத்தைக் கண்ணாடித் துண்டிலே பூசிப் பார்த்தார்கள். மலேரியா. சேலைன் ஏற்றினார்கள், மருந்து ஏற்றினார்கள். டொக்டர் தங்கமான மனிசன், ஆனால் கோபக்காரர்.

"காலமை கொண்டு வந்திருக்கலாமே. என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

காலமை பஸ் இல்லை, சரி. என்ன செய்துகொண்டிருந்தேன் என்றதுக்கு என்ன சொல்கிறது? சாகிறதுக்குப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன் டொக்டர் என்று சொல்ல முடியுமா? 

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஒரு கிழமை கழித்து எலும்பும் தோலுமாக, ஆனால் வாய் குறையாமல் வீட்டுக்கு வந்தாள். மருந்தாலே என்கிறார் டொக்டர். முனியப்பனாலே என்கிறாள் ராமாயி. உழவு மிசினாலே என்கிறான் குலம். மூன்று பேருக்கும் நான் 'ஓம்' சொல்லியிருக்கிறேன். மூன்று தரமும் மனதாரத்தான் சொன்னேன். அதுதான் எனக்கு விளங்காமல் இருக்கிறது.

இன்னொன்றும் விளங்கவில்லை. இதைச் செய்த அந்த ஜப்பான்காரன் யார்? அவனுடைய ஊரிலும் ஒரு மரம் நின்றிருக்குமோ? உச்சி வெய்யிலிலே அதற்குக் கீழே போகாதே என்று அவனையும் யாராவது மறித்திருப்பார்களோ? அவன் வளர்ந்து, அந்தப் பயத்தைக் குட்டியாக்கி, பெட்டிக்குள்ளே அடைத்து, ஊர் ஊராக அனுப்பிவிட்டான். சவூதிக்குப் போய், சூட்கேசுக்குள்ளே படுத்து, வன்னிக் காட்டுக்கு வந்து இறங்கியதும் ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள். அவன் பேயென்று அனுப்பினான். இவள் சாமியென்று எடுத்துக்கொண்டாள். அனுப்பினவனுக்கு இது தெரியுமா?

குலம் லீவு முடிந்து போகும்போது கேமைச் செல்விக்கே கொடுத்துவிட்டுப் போனான். ராமாயி மறுக்கவில்லை. ஒரேயொரு சட்டம் போட்டாள்: ஒரு ஆட்டம் பிள்ளைக்கு, ஒரு ஆட்டம் அவருக்கு.

நேற்றுப் பின்னேரம் வேலியாலே எட்டிப் பார்த்தேன். செல்வி கையிரண்டையும் மடியிலே கட்டிக்கொண்டு, முன்னாலே கேமை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

"ஏன் பிள்ளை, விளையாடேல்லையோ?"

"உஷ்... இது முனியப்பன்ரை முறை மாமா."

நானும் நின்று பார்த்தேன். உருண்டைகள் வந்துகொண்டிருந்தன. மேலே நிற்கிறவருக்குக் கற்பூரம் இருக்கிறது, சுருட்டு இருக்கிறது, இப்போது சொந்தமாக ஒரு ஆட்டமும் இருக்கிறது. சரி, நல்லது, நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்றிலிருந்து எனக்குப் புதிதாக ஒரு கவலை.

கீழே சும்மா நிற்கிற அந்தச் சின்ன மனிசனுக்காக யார் நேர்த்திக்கடன் வைக்கிறது?